வங்கிக் கடனைக் குறைந்த வட்டி கடன் அட்டைக்கு மாற்றலாமா? கணக்கு கூறுவது என்ன?

கொச்சி: தனிநபர் கடனுக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டி செலுத்துபவரின் கண்ணில், மாதம் 1.5 விழுக்காடு வட்டி என்ற கடன் அட்டை விளம்பரம் பட்டால், பழைய கடனை அட்டைக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் முதல் எண் ஆண்டுக் கணக்கு. இரண்டாவது மாதக் கணக்கு. மாதம் 1.5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 18 விழுக்காடு. கடன் அட்டை வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் விதிக்கப்படுவதால், உண்மைச் சுமை 21.24 விழுக்காடாக உயர்கிறது. வங்கிக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இந்தியாவில் பல கடன் அட்டைகளின் வட்டி இதனினும் அதிகம். மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் விகிதமாகும்.

ஒரே தொகை, இரு கணக்குகள்

கொச்சி மட்டாஞ்சேரியை அடுத்த பள்ளுருத்தியில் வசிக்கும் மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு ரூ.2 லட்சம் தனிநபர் கடன் பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 14 விழுக்காடு; மீதமுள்ள காலம் 24 மாதங்கள். மாதத் தவணை சுமார் ரூ.9,603. முதல் மாதத் தவணையில் ரூ.2,333 வட்டிக்கும், ரூ.7,270 அசலுக்கும் செல்லும்.

இதே பாக்கி மாதம் 3.5 விழுக்காடு வட்டியுள்ள அட்டையில் இருந்தால், ஒரு மாத வட்டி மட்டும் ரூ.7,000. ஜிஎஸ்டி ரூ.1,260 சேர்த்தால் ரூ.8,260. அதே ரூ.9,603 செலுத்தினாலும் அசலில் கழிவது ரூ.1,343 மட்டுமே. இரண்டு ஆண்டுகளில் முடிய வேண்டிய கடன் பல ஆண்டுகளுக்கு நீளும்.

பாக்கி நிலுவையில் இருக்கும்வரை, அட்டையில் புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் நீண்டு, கூட்டு வட்டி சேரும் என்ற எச்சரிக்கையை மாதாந்திரப் பட்டியலில் அச்சிட வேண்டும் என ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் கூறுகின்றன.

மேலும், இந்தியாவில் வழங்கப்படும் பாக்கி மாற்றச் சலுகைகள் பெரும்பாலும் ஓர் அட்டையின் பாக்கியை மற்றோர் அட்டைக்கு மாற்றுவதற்கானவை. வங்கிக் கடனை அடைப்பதற்காக அட்டையில் இருந்து ரொக்கம் எடுத்தால், எடுத்த நாள் முதலே வட்டி தொடங்கும். தனிக் கட்டணமும் உண்டு.

உச்ச வரம்பு இல்லை

கடன் அட்டைகளுக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை எனத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. எனவே, அட்டையின் வட்டி விகிதத்தை வாடிக்கையாளரே கவனித்துக்கொள்ள வேண்டிய நிலை உள்ளது.

வேறு வங்கிக்கு மாற்றினால்?

வட்டியைக் குறைக்க விரும்புவோருக்குப் பொருத்தமான வழி, கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதாகும். இதிலும் கணக்கு அவசியம். மேற்கண்ட ரூ.2 லட்சம் கடனை 11 விழுக்காடு வட்டிக்கு மாற்றினால், 24 மாதங்களில் சுமார் ரூ.6,740 மிச்சமாகும். ஆனால் பழைய வங்கி 3 விழுக்காடு முன்கூட்டியே அடைக்கும் கட்டணம் விதித்தால், ஜிஎஸ்டியுடன் ரூ.7,080 செலவாகும். அதாவது, வட்டி 3 விழுக்காடு குறைந்தும் நஷ்டமே. மீதமுள்ள காலம் 48 மாதங்களாக இருந்தால் மிச்சம் சுமார் ரூ.14,200 என்பதால், மாற்றுவது லாபகரமாகும். கடனின் தொடக்க ஆண்டுகளில் மாற்றுவதே பலன் தரும் என்பதை இது காட்டுகிறது.

மாறும் வட்டியில் தனிநபர்கள் பெறும், தொழில் சாராத கடன்களில் இந்தச் சிக்கல் இல்லை. 2026 ஜனவரி 1 முதல் ஒப்புதல் அளிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் இத்தகைய கடன்களுக்கு, முன்கூட்டியே அடைக்கும் கட்டணம் விதிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்துள்ளது. நிலையான வட்டியில் வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கேரளத்தில் பலர் நாடும் மற்றொரு வழி நகைக் கடன். அடமானம் இருப்பதால் கடன் அட்டையைவிட வட்டி பொதுவாகக் குறைவு. எனினும், தவணை தவறினால் நகை ஏலத்துக்குச் செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கையெழுத்திடும் முன்

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கிகள் கட்டாயம் அளிக்க வேண்டும். வட்டியுடன் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இடம்பெற்றிருக்கும். கடனை மாற்றும் முன், பழைய வங்கியிடம் அடைக்க வேண்டிய மொத்தத் தொகையை எழுத்துப்பூர்வமாகப் பெற்று, அதனை புதிய வங்கியின் விவர அறிக்கையுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவெடுப்பது நல்லது.