தவறிய தவணைகள்

கடன்பட்டவர் தவணை சொல்லித் தவறினால் முதன்முறை பொறுத்துக் கொள்வோம். இரண்டாம் முறை முகஞ் சுளிப்போம். மூன்றாம் தவணைக்கு எழுத்திலே ஒப்பம் கேட்போம். ஐரோப்பிய நாடுகள் இயற்கையிடம் பட்ட கடனின் கதையும் இத்தகையதே.

2001ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சுவீடன் நாட்டுக் கோத்தன்பேர்க் நகரிலே கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், உயிரினங்கள் அருகி வருவதை 2010ஆம் ஆண்டுக்குள் தடுத்து நிறுத்துவதென உறுதி பூண்டனர். ஆண்டு வந்தது, அழிவு நிற்கவில்லை. தவணை 2020க்குத் தள்ளிப் போடப்பட்டது. அதுவும் தவறிற்று. காவலுக்குரியவை எனச் சட்டம் குறித்த வாழிடங்களுள் நூற்றுக்கு 81 நலிந்து கிடக்கின்றன என்று, ஒன்றியத்தின் சுற்றாடல் முகவரகமே 2020இல் அறிக்கை விடுத்தது.

சட்டம் இல்லாமையால் வந்த குறையன்று இது. பறவைகளைக் காக்கும் சட்டம், ஒன்பது நாடுகளே சேர்ந்திருந்த காலத்தில், 1979இல் பிறந்தது. வாழிடங்களைக் காக்கும் சட்டம் 1992இல் அதனைத் தொடர்ந்தது. இவ்விரண்டின் பயனாக உருவான 'நட்டூரா 2000' என்னும் காப்பிட வலையிலே ஏறத்தாழ 27,000 இடங்கள் அடங்கும். ஒன்றியத்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 18 பங்கு அது.

இச்சட்டத்துக்குப் பல் உண்டா என ஐயுறுவோர் போலந்து நாட்டின் பியாவோவியேஷாக் காட்டின் கதையைக் கேட்க வேண்டும். தாழ்நில ஐரோப்பாவிலே கோடரி அதிகம் படாது எஞ்சிய தொல்காடு அது. முதல் உலகப் போரின் முடிவில் அங்கு அற்றுப்போன பைசன் என்னும் காட்டெருது, விலங்குக் காட்சிச்சாலைகளில் எஞ்சியவற்றிலிருந்து பெருக்கப்பட்டு, 1952இல் மீண்டும் அக்காட்டிலே விடப்பட்டது. அத்தகைய காட்டில், மரப்பட்டை வண்டின் தொல்லையைக் காரணங் காட்டி, 2016இல் மரந்தறிப்பைப் பன்மடங்காக்க அந்நாட்டு அரசு அனுமதியளித்தது. ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 யூலையில் நிறுத்தச் சொல்லிற்று. அரசு செவிசாய்க்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில், தறிப்புத் தொடருமாயின் நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு லட்சம் யூரோ தண்டம் என்றது நீதிமன்றம். அதன்பின்னரே வாள்கள் ஓய்ந்தன! 2018 ஏப்ரலில் இறுதித் தீர்ப்பும் போலந்துக்கு எதிராகவே அமைந்தது.

மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் மட்டுமே வாழும் சிவிங்கிப் பூனை, 2002இல் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. அதன் உணவு காட்டு முயல். முயல்களைக் கொள்ளைநோய் வாரிச் சென்றது. அடைப்பில் வளர்த்துக் காட்டில் விட்டனர், முயல்களைப் பெருக்கினர், வீதிகளின் கீழே அவை கடக்க வழி சமைத்தனர், நிலச்சொந்தக்காரரோடு உடன்படிக்கை செய்தனர். ஒன்றியமும் பணம் உதவிற்று. இன்று அவற்றின் தொகை 2,000ஐத் தாண்டிவிட்டது. மாணவர்கள் கவனிக்க வேண்டியது, பூனையைக் காப்பதற்கு முயலிலிருந்து தொடங்கினார்கள் என்பதே.

ஆயின் காப்பிடத்துக்கு வெளியே, வயலிலும் மேய்ச்சல் நிலத்திலுமே தோல்வியின் வேர் இருக்கிறது. ஒன்றியத்தின் வரவு செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகின்றது. 2014 முதல் 2020 வரை அவ்விவசாயப் பணத்தில் 6,600 கோடி யூரோ உயிரினங்களின் நன்மைக்கென ஒதுக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டினர். ஒன்றியத்தின் கணக்காய்வாளரோ, வயல்வெளிப் பறவைகள் 1990இலிருந்து நூற்றுக்கு முப்பதுக்கு மேல் குறைந்துவிட்டன என்றும், அப்பணம் அவ்வீழ்ச்சியைத் தடுக்கவில்லை என்றும் 2020இல் எழுதினர். வேலியும் வரப்பும் அழிந்து, நஞ்சு தெளித்த பெருவயலிலே வானம்பாடி எங்ஙனம் கூடு கட்டும்?

வெறும் உறுதிமொழி போதாது என்ற எண்ணம் இதனாலேயே எழுந்தது. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் நூற்றுக்கு 20 பங்கிலேனும் மீட்புப் பணி நடைபெற வேண்டும், 2050க்குள் நலிந்த இடங்கள் யாவற்றிலும் நடைபெற வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வரையப்பட்டது. 2023 யூலையில் அதனைப் பாராளுமன்றத்திலே தள்ளிவிடும் பிரேரணை 312க்கு 324 என்ற வாக்குகளால் தோற்றது. 2024இன் தொடக்கத்தில் உழவர்கள் உழவு இயந்திரங்களோடு பிரசெல்ஸ் வீதிகளை மறித்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. விளைபொருளுக்கு நியாய விலை கிடையாதவனிடம், பறவைக்காக நிலத்தில் ஒரு மூலையை விட்டுவிடு என்றால் அவன் சினப்பது இயல்பே.

2024 யூன் 17ஆம் திகதி லக்சம்பேர்க்கிலே அமைச்சர்கள் வாக்களித்தனர். ஒன்றிய மக்கள் தொகையில் நூற்றுக்கு 65 பங்கைக் கொண்ட நாடுகளின் ஆதரவு தேவை. கிடைத்ததோ 66.07. தன் நாட்டுச் சான்சலரின் விருப்பத்துக்கு மாறாக, அவுஸ்திரியாவின் அமைச்சர் லியோனோர் கெவெஸ்லர் ஆதரவாகக் கை உயர்த்தினார். அந்த ஒரு நாட்டின் பங்கு இல்லாதிருந்தால் சட்டம் வீழ்ந்திருக்கும். அரசமைப்பை மீறினார் என்று சான்சலரின் தரப்பு அவர்மீது சீறிற்று.

சட்டம் அவ்வாண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எந்தச் சதுப்பை நனைப்பது, எந்த ஆற்றின் அணையை அகற்றுவது என்று ஒவ்வொரு நாடும் தன் திட்ட வரைவை எழுதி ஒப்படைப்பதற்கு 2026 செப்டெம்பர் 1ஆம் திகதியைத் தவணையாக விதித்திருக்கின்றது.