ஆண்டீஸ் மலையில் இருவர்



வெளிநாட்டுப் பயணம் என்றால் அது வசதி படைத்தவர்களுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால் தோட்டத்தில் வளர்ந்து பட்டணத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர், கணவனும் மனைவியுமாக முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தூரதேசங்களுக்குப் புறப்படுகிறார்கள். அப்படி இருவர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குக் குறைந்த செலவில் போவதானால் எவற்றை அறிந்திருக்க வேண்டும்? இன்று அதைப் பார்ப்போம்.

ஆண்டீஸ் மலைத்தொடர் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் நீளமுடையது. வெனிசுவேலா, கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா, சிலி, அர்ஜெண்டினா ஆகிய 7 நாடுகள் வழியாக அது செல்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான அக்கோன்காகுவா 6,961 மீட்டர். அங்கே மலைச்சிகரம் மட்டுமா உயரம்? ஊர்களும் உயரத்தில்தான் இருக்கின்றன. பெரு நாட்டின் குஸ்கோ நகரம் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. பொலிவியாவின் லா பாஸ் நகருக்கு அருகிலுள்ள எல் ஆல்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேல். நம் நாட்டின் கினாபாலு மலை 4,095 மீட்டர். அந்த மலையுச்சிக்குச் சமமான உயரத்தில் மக்கள் கடை வைத்து, பள்ளிக்கூடம் நடத்தி, குடும்பம் நடத்துகிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. குஸ்கோவில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு பிராணவாயுதான் கிடைக்கும். கடலோரத்திலுள்ள லீமா நகரிலிருந்து விமானத்தில் நேரே குஸ்கோவில் போய் இறங்குவோருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். நல்ல உடற்கட்டு உள்ள இளைஞருக்கும் வரும். வந்தவுடன் இன்னும் தாழ்வான ஒல்லான்டைட்டாம்போ போன்ற பள்ளத்தாக்கு ஊருக்கு இறங்கி, அங்கே இரண்டொரு நாள் தங்குவது நல்லது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவு படுக்கும் இடத்துக்கும் அடுத்த இரவு படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருவராகப் போவதன் பெரிய நன்மை இங்கேதான் தெரியும். மலைநோய் முற்றினால் நோயாளிக்கே புத்தி தடுமாறும். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா என்று மற்றவர்தான் கவனிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். "இத்தனை பணம் கட்டிவிட்டோமே" என்று மேலே ஏறுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். இருவரில் மெதுவாக நடப்பவரின் வேகமே இருவரின் வேகமாக இருக்கட்டும்.

இனிச் செலவைக் கவனிப்போம். இருவருக்கு ஓர் அறை போதும். மருந்துப்பை ஒன்று போதும். சந்தைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் மதிய வேளையில் சூப்பும் சோறும் கறியும் சேர்ந்து மலிவாகக் கிடைக்கும். சூடாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். மச்சு பிச்சு என்னும் பழைய இன்கா நகரைப் பார்க்க ரயில் கட்டணம் அதிகம். அதனால் பலர் வேனில் நீர்மின் நிலையம்வரை போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நடந்து அடிவார ஊரை அடைகிறார்கள். இரவு பஸ்ஸில் போனால் ஓர் இரவின் அறை வாடகை மிச்சம்தான். ஆனால் மலைப்பாதையில் விபத்துகளும், தூங்கும்போது திருட்டும் நடப்பதால் பகலில் போவதே மேல். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு; இரவுக்குளிரோ கடுமை. கம்பளி ஆடையில் சிக்கனம் கூடாது.

வேறொன்றிலும் சிக்கனம் கூடாது. இன்கா பாதை என்னும் 4 நாள் நடைப்பயணத்தில் கூடாரத்தையும் அரிசி பருப்பையும் சுமப்பவர்கள் அந்த மலைக் கிராமத்து ஏழை விவசாயிகள். ஒருவர் மீது 20 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பெரு அரசு 2001ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. காண்டாக்கம்பில் பால்வாளி சுமந்த தோள்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. சுமையின் அருமை நமக்குத் தெரியும். மிகக் குறைந்த கட்டணம் கேட்கும் நிறுவனத்திடம், சுமப்பவர்களுக்கு என்ன கூலி, என்ன சாப்பாடு, படுக்க எங்கே இடம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவோம். நம் சிக்கனம் இன்னொருவர் வயிற்றில் அடிப்பதாக இருக்கலாகாது.

அங்கே கோக்கா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும். அந்நாட்டில் அது சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் அந்த இலையை நம் நாட்டுக்குக் கொண்டுவருவது போதைப்பொருள் குற்றமாகும். நினைவுக்காகக்கூட ஓர் இலையும் பையில் இருக்கக்கூடாது.

அந்த மலை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நாம் தினமும் சமைக்கும் உருளைக்கிழங்கு அங்கே பிறந்தது. இரவுப் பனியில் கிழங்கை உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திப் பல ஆண்டுகள் வைத்திருந்து உண்ணும் முறையை அம்மக்கள் இன்றும் அறிவர். அக்காலத் தோட்டங்களில் குளிர்காய்ச்சலுக்கு நம் முன்னோர் முகம் சுளித்துக் குடித்த கொய்னா மருந்தும் ஆண்டீஸ் மலையின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்ததே. பெரு நாட்டுச் சின்னத்தில் அந்த மரம் இன்றும் இடம்பெற்றிருக்கிறது.

ஆகவே நேயர்களே, பிள்ளைகள் இப்படி ஒரு பயணத்தைப் பற்றிப் பேசினால் உடனே மறுத்துவிட வேண்டாம். எத்தனை நாள் தங்கி எத்தனை உயரம் ஏறுவார்கள், திரும்பி வரப் பணம் தனியாக இருக்கிறதா, சுமப்பவருக்குக் கூலி சரியாகப் போகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் சொன்னால், மனமார வாழ்த்தி அனுப்புங்கள்.