அந்தம்மா என்ன கேட்கிறாங்க? சான் ஜெர்மானின் ‘டூரிஸ்ட்’ ஆல்பம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் வெட்டி ஒட்டியிருக்கு.)

ஹெட்ஃபோன் பக்கத்துல இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுட்டு ஒரு பக் தேடிக்கிட்டு இருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வெச்சாங்க. உடனே போகல. ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டுட்டு, “ஏன்டா, அந்தம்மா ரொம்ப நேரமா என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காங்க, யாரும் பதிலே சொல்ல மாட்டேங்கிறாங்களே?”ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் வெட்கமா போச்சு. அந்தப் பாட்டை ரெண்டு வருஷமா வேலை நேரத்துல ஓட விடுறேன். பாடுறது யாருன்னு ஒரு நாள்கூடத் தேடிப் பார்த்ததில்ல. இந்த எபிசோட் அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்துச்சு.

ஆல்பம் எது?

பேரு ‘டூரிஸ்ட்’. 2000-ல ப்ளூ நோட் லேபிள்ல வந்தது. ‘சான் ஜெர்மான்’ங்கிறது லுடோவிக் நவார்ங்கிற பிரெஞ்சுக்காரர் தனக்கு வெச்சுக்கிட்ட பேரு. பாரிஸுக்கு மேற்கே இருக்கிற சான் ஜெர்மான் ஆன் லே ஊர்லேர்ந்து எடுத்தது. 1995-ல ‘புலேவார்’னு ஒரு ஆல்பம் போட்டார், அடுத்தது இது. 9 பாட்டு, சுமார் ஒரு மணி நேரம்.

ஹோட்டல் லாபி, காபி ஷாப், ஏர்போர்ட் லவுஞ்ச்னு எங்கேயாவது இது உங்க காதுல விழுந்திருக்கும். பேரு மட்டும் தெரிஞ்சிருக்காது.

ஆசிட்னா என்ன ஆசிட்?

இந்த வகை இசைக்கு ஆசிட் ஜாஸ், லவுஞ்ச், டவுன்டெம்போனு பல லேபிள் ஒட்டுவாங்க. 80-களோட கடைசியில லண்டன் கிளப்கள்ல ‘ஆசிட் ஹவுஸ்’ வெறி. அதே நேரத்துல கில்ஸ் பீட்டர்சன் மாதிரி டிஜேக்கள் 60-கள், 70-கள்ல வந்த பழைய ஜாஸ்-ஃபங்க் ரெக்கார்டுகளைப் போட்டு ஆட வெச்சாங்க. ‘உங்களுது ஆசிட் ஹவுஸா? அப்போ எங்களுது ஆசிட் ஜாஸ்’னு கிண்டலா வெச்ச பேரு அப்படியே நிலைச்சுடுச்சு. 1987-ல அவரும் எடி பில்லரும் அதே பேர்ல லேபிளும் தொடங்கிட்டாங்க.

டவுன்டெம்போன்னா நிதானமான வேகம். லவுஞ்ச்ங்கிறது கேட்கிற இடத்தை வெச்சு வந்த பேரு. இபிஸா தீவோட கஃபே டெல் மார், பாரிஸோட புத்தா பார் மாதிரி இடங்கள் 90-கள்ல தங்களோட பேர்லயே தொகுப்பு சிடி போட்டு வித்தாங்க. உண்மையைச் சொன்னா, ‘டூரிஸ்ட்’ல எல்லாமே மெதுவானது இல்ல. முதல் பாட்டு ‘ரோஸ் ரூஜ்’ நல்ல ஓட்டமா போகும். ஆனா எவ்வளவு வேகமா போனாலும் உங்களைப் பதற்றப்படுத்தாது.

ஏன் பதற்றம் இல்ல?

நம்ம மொழியில சொன்னா, இது ஒரு லூப். பழைய ரெக்கார்டுலேர்ந்து சில நொடிகள் வெட்டி எடுக்கிறதுக்கு சாம்பிள்னு பேரு. அதைத் திரும்பத் திரும்ப ஓட விடுவாங்க. ‘ரோஸ் ரூஜ்’ல ஓடுற அந்த டிங்-டிகடிங் சிம்பல், டேவ் ப்ரூபெக் குழு 1959-ல வெளியிட்ட ‘டேக் ஃபைவ்’லேர்ந்து வந்தது. வேடிக்கை என்னன்னா, ‘டேக் ஃபைவ்’ அஞ்சு எண்ணிக்கைத் தாளம், நம்ம கண்ட நடை மாதிரி. ‘ரோஸ் ரூஜ்’ நாலு எண்ணிக்கை. வெட்டி ஒட்டின தையலே தெரியாது.

சாதாரண ஜாஸ்ல கார்டுகள் மாறிக்கிட்டே போகும், காது பின்னாடியே ஓடணும். இங்க அடித்தளம் பெருசா நகராது. கச்சேரியில தம்புரா மாறாம இருக்க, பாடகர் மேல சஞ்சாரம் பண்ணுவாரே, கிட்டத்தட்ட அந்த அமைப்பு. கீழே லூப், மேலே டிரம்பெட், சாக்ஸஃபோன், புல்லாங்குழல்னு நிஜ மனுஷங்க வாசிக்கிறாங்க. அதையெல்லாம் நவார் கம்ப்யூட்டர்ல கோத்திருக்கார். அடுத்து என்ன வரும்னு காதுக்குத் தெரிஞ்சுடுது, அதனால மூளை அதைக் கவனிக்கிறதை விட்டுட்டு வேலைக்குத் திரும்பிடுது. கோடு எழுத இது வசதி. அதுவே சிக்கலும்கூட. நான் ரெண்டு வருஷம் கேட்காமலே கேட்டது இப்படித்தான்.

அந்தம்மா யாரு?

மார்லினா ஷா. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி, 2024 ஜனவரியில காலமானாங்க. 1973-ல சுவிட்சர்லாந்தோட மாண்ட்ரூ ஜாஸ் விழாவுல ‘வுமன் ஆஃப் தி கெட்டோ’ங்கிற பாட்டைப் பாடினாங்க. அந்த மேடைப் பதிவுலேர்ந்துதான் நவார் குரலை எடுத்திருக்கார். அந்தப் பதிவை வெளியிட்டதும் ப்ளூ நோட்தான்.

‘ரோஸ் ரூஜ்’ல நாம கேட்கிறது, எதிர்ல இருக்கிற கூட்டத்தை ஒண்ணா சேர்ந்து கை தட்டச் சொல்ற அழைப்பு மட்டும். மூலப் பாட்டு வேற. கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டு வாழ்ற ஏழைக் குடியிருப்புல பிள்ளைகளை வளர்க்கிற ஒரு பெண், சட்டம் போடுறவங்களைப் பார்த்து நேராக் கேட்கிறா: இங்க ஒரு குழந்தையை எப்படி வளர்க்கிறது? மேடையில கிட்டத்தட்ட 10 நிமிஷம் இது நடக்குது. கொஞ்சுறாங்க, அதட்டுறாங்க, அர்த்தமில்லாத சொற்கள்ல தாளம் போடுறாங்க, மறுபடி கேள்விக்கு வர்றாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் சரியா பிடிபடாது. ஆனா அந்தக் குரல் எதையோ கேட்குதுன்னு ரெண்டே நிமிஷத்துல பிடிச்சுட்டாங்க.

இந்த ஆல்பம்ல இது ஒண்ணு மட்டும் இல்ல. ‘ஷ்யூர் திங்’ல முணுமுணுக்கிற ஆண் குரல் ஜான் லீ ஹூக்கரோடது. மிசிசிப்பியில பிறந்து, டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில வேலை பார்த்துக்கிட்டே ப்ளூஸ் பாடின ஆளு. ‘லா கூட் தோர்’ங்கிறது ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தவங்க நிறைய பேர் வாழ்ற பாரிஸ் பேட்டையோட பேரு. ‘மான்டிகோ பே ஸ்ப்ளீன்’ல கிதார் வாசிக்கிறது ஜமைக்காவோட எர்னஸ்ட் ராங்லின். அவர் சாம்பிள் இல்ல, நேர்லயே வந்து வாசிச்சிருக்கார்.

அப்போ இது தப்பா?

நானும் யோசிச்சேன். ஒரு பெண்ணோட கோபத்தைக் கத்தரிச்சு, லாபியில காக்டெயிலுக்குத் தொட்டுக்க வெச்ச மாதிரி இருக்கேன்னு. ஆனா நவார் அந்தக் குரலை ஒளிச்சு வைக்கல. ஆல்பத்தோட முதல் பாட்டுல, முதல் மனிதக் குரலா வெச்சிருக்கார். சாம்பிள் யாரோடதுன்னு ஆல்பத்துலயே போட்டிருக்கார். அதை வால்பேப்பர் ஆக்கினது லாபிக்காரங்களும் நானும்தான். 2015-ல மூணாவது ஆல்பம் போட்டப்போ மாலி நாட்டு இசைக்கலைஞர்களோட சேர்ந்து வேலை செஞ்சார். அவர் காது எந்தப் பக்கம் போகுதுன்னு அதுலயே தெரியும்.

அதனால நான் இந்த ஆல்பத்தை விடல. முன்னைவிட அதிகமா பிடிச்சிருக்கு. இப்போ கோடு எழுதும்போது மட்டும் போடுறதில்ல, அவ்வளவுதான்.

எப்படிக் கேட்கலாம்?

மூணு தடவை கேளுங்க. முதல்ல ‘ரோஸ் ரூஜ்’, சிம்பலையும் பேஸையும் மட்டும் பிடிச்சுக்கிட்டு. ரெண்டாவது, 1973 மாண்ட்ரூ பதிவு முழுசா, ஃபோனைக் கவுத்து வெச்சுட்டு. மூணாவது, திரும்ப ‘ரோஸ் ரூஜ்’. இந்தத் தடவை அந்தக் குரல் வர்ற இடத்துல உங்களுக்கு ஒரு ஆள் தெரிவாங்க. அப்புறம் மீதி 8 பாட்டை ஆற அமரக் கேளுங்க. ‘ஸோ ஃப்ளூட்’ல வர்ற புல்லாங்குழலைத் தவற விட்டுடாதீங்க.

அம்மாவுக்கும் மூலப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அர்த்தம் சொன்னேன். பத்து நிமிஷமும் உட்கார்ந்து கேட்டாங்க. முடிஞ்சதும், “கேட்டுச்சே அந்தப் பொண்ணு, அப்புறம் ஏதாவது செஞ்சாங்களா?”ன்னாங்க.

என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அம்மாகிட்ட போட்டுக் காட்டுறேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!