பழைய வண்டியைப் படிக்கும் முறை

ஏட்டைப் படிப்பது போலவே பொருளையும் படிக்கலாம் என்று வகுப்பில் பன்முறை கூறியிருக்கிறேன். அக்கூற்றைச் சோதிக்கும் வாய்ப்பு, ஓய்வு பெற்ற பின்னர், ஆவடியை அடுத்த எங்கள் சேக்காட்டிலேயே எனக்குக் கிட்டியது.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு மாலை வந்தார். "ஐயா, சிறிய டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேலே மர அறை கட்டிக் கட்டிலும் போட்டிருக்கிறார்கள். என் ஜீப்பின் பின்னால் பூட்டிக்கொண்டு அப்பா அம்மாவைக் கோயில் கோயிலாக அழைத்துப் போகலாம். இரவில் அதிலேயே உறங்கலாம். உலகப் போர்க் காலத்து வண்டியாம். எண்பதாயிரம் கேட்கிறார்கள்" என்றார். அது அவர் மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். மறுநாள் இருவரும் சென்று பார்த்தோம்.

முதற் கேள்வி, 'இது என்ன?' என்பது. வண்டியின் அடித்தகட்டில் இரண்டு துளைகள் இருந்தன. "துரு தின்றுவிட்டது" என்றேன் நான். அருகில் நின்ற முதிய மெக்கானிக் ஒருவர் சிரித்து, "துரு தின்ற துளைக்கு இவ்வளவு ஒழுங்கான விளிம்பு இருக்குமா, சார்?" என்று கேட்டார். நான் பிழைபட்டேன் என்பதை உடனே உணர்ந்தேன்.

அத்துளைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்னும் நகரிலிருந்த பான்டம் நிறுவனம், 1940-இல் ஜீப் வண்டியின் முதல் மாதிரியைச் செய்தளித்தது. எனினும் பெருந்தொகையாக ஜீப்புகளைச் செய்யும் பணி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கே சென்றது. பான்டம் நிறுவனமோ ஜீப்பின் பின்னால் பூட்டும் கால் டன் டிரெய்லரைச் செய்தது. ஆற்றைக் கடக்கும்போது மிதக்க வேண்டும் என்பதற்காக அதன் உடலைத் தொட்டி போல் அமைத்தனர். தொட்டியில் நீர் தேங்கினால் வெளியேற வழி வேண்டுமன்றோ? அதற்காகவே மூடியுடன் கூடிய அவ்விரு துளைகள்! நான் குறையென எண்ணியது உண்மையில் அடையாளமாக இருந்தது.

ஆயினும் ஒரு சான்றைக் கொண்டு முடிவு கட்டலாகாது. இவ்வுருவைப் பின்பற்றிப் பிற்காலத்தும் வண்டிகள் செய்யப்பட்டன. செய்தவர் பெயரும் எண்ணும் பொறித்த தகடு இருந்திருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும். ஆணி அறைந்த துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஆகவே, 'அவ்வகையைச் சேர்ந்தது' என்று சொல்லலாமேயன்றிப் 'போர்க்கால வண்டியே' என்று உறுதி கூற இயலாது.

இரண்டாம் கேள்வி, 'நமக்குப் பயன்படுமா?' என்பது. இங்கே கணக்கு வேண்டும். இவ்வகை டிரெய்லர் தரையில் சுமக்க வேண்டிய அளவு 500 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 227 கிலோ. எட்டடிக்கு நான்கடி அளவுள்ள, 12 மில்லிமீட்டர் கனமுடைய பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 22 கிலோ இருக்கும். அவ்வறைக்கு ஆறு பலகைகள் சென்றிருந்தன. அவை 132 கிலோ. 50 லிட்டர் நீர் 50 கிலோ. கட்டிலும் மெத்தையும் 40 கிலோ. எஞ்சுவது ஐந்தே கிலோ! மரச்சட்டத்தையும் தகரக் கூரையையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை; உறங்குவோரையும் சேர்க்கவில்லை.

மேலும், அறையானது தொட்டிக்குப் பின்னால் இரண்டடி நீண்டிருந்தது. நெம்புகோல் விதியை நினைவுகூருங்கள். அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் முன்பக்கம் மேலெழும். கொக்கியை அழுத்த வேண்டிய வளையம் அதனைத் தூக்கும். விரைந்து செல்லும்போது வண்டி பாம்பு போல் நெளிந்து, இழுக்கும் ஜீப்பையும் சாய்த்துவிடக் கூடும். அந்த வளையமும் ஒருபுறம் தேய்ந்து மெலிந்திருந்ததைக் கண்டோம்.

மூன்றாம் கேள்வி, 'சட்டத்திற்கு ஏற்றதா?' என்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். செய்தவர் அமைத்த அமைப்பை நம் விருப்பம் போல் மாற்றுவதற்கும் தடை உண்டு. பதிவுச் சான்றைக் கேட்டோம். விற்பவரிடம் அது இல்லை.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "வண்டி உண்மையானதாகவே இருந்தாலும் அப்பாவை இதில் நம்பிப் படுக்கவைக்க முடியாது, ஐயா" என்றார். பணம் அவர் பையிலேயே திரும்பியது. ஜீப்பிலேயே பெற்றோரை அழைத்துச் சென்று, இரவில் சத்திரங்களில் தங்குவதாக முடிவு செய்தார்.

மாணவர்களே, ஒரு பொருள் அரிதா என்பது வேறு. நமக்கு உரியதா என்பது வேறு. முன்னதைக் கண்ணால் காண வேண்டும். பின்னதைக் கணக்கால் காண வேண்டும். இரண்டிலும் பிழை நேரலாம். பிழையைச் சுட்டுபவர் மெக்கானிக்காயினும் மாணவராயினும், அவருக்குச் செவி கொடுங்கள். தலைமையாசிரியராக இருந்த எனக்கு அன்று அத்துளைகள் கற்பித்த பாடம் இதுவே.