எலியின் இதயமும் புழுங்கல் அரிசியும்

ரங்கூன் என்றதும் நம் மூத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிசி. ஐராவதிப் படுகையில் விளைந்த நெல், இன்று யங்கூன் என்று அழைக்கப்படும் அந்த நகரத்தின் ஆலைகளில் தீட்டப்பட்டு இலங்கைக்கும் சென்னைக்கும் கப்பலேறியது. அரிசியை வெள்ளையாக்கிய ஆலைகள் தவிட்டோடு சேர்த்து இன்னொன்றையும் வெளியே தள்ளின. அதுதான் தயமின் எனப்படும் வைட்டமின் பி1. ஓர் உணவில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு காலத்தில் எலியின் இதயத்துடிப்பே அளவுகோலாக இருந்தது.

தயமின் குறைந்தால் வருவது பெரிபெரி. மாச்சத்தைச் சக்தியாக மாற்ற இந்த வைட்டமின் வேண்டும். ஓயாமல் உழைக்கும் இதயமும் நரம்புகளும் முதலில் பாதிக்கப்படுகின்றன. கால் வீங்கும், மூச்சு வாங்கும், கடைசியில் இதயம் செயலிழக்கும்.

மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். பச்சரிசியைத் தீட்டி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் பெருமளவில் மடிந்தார்கள். அதே மண்ணில் உழைத்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை.

1930இல் இங்கிலாந்தில் ட்ரூரி, ஹாரிஸ், மாட்ஸ்லி ஆகிய மூவரும் பி1 இல்லாத உணவு கொடுத்த எலிகளின் இதயத்துடிப்பு வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். எலியின் இதயம் நிமிடத்துக்கு 300 முதல் 500 தடவை வரை துடிக்கும். அதைக் கையால் எண்ண முடியாது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தில் பரவும் மின்னலை தோல்வரை மெல்லியதாக எட்டும். கால்களில் மின்முனைகளைப் பொருத்தி அதைப் பதிவு செய்வதுதான் ஈசிஜி. அந்தக் கருவியை உருவாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்ற ஐந்தோவன், ஜாவாவின் செமராங் நகரில் பிறந்தவர்.

மெதுவான எலிக்குத் தவிட்டுச் சாரத்தையோ வேறு உணவையோ கொடுத்தால், அதில் பி1 இருக்கும்பட்சத்தில் துடிப்பு மறுபடி ஏறும். எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நாள் நிலைக்கிறது என்பதைக் கொண்டு பி1இன் அளவைக் கணித்தார்கள். ஆனால் பெரிபெரி வந்த மனிதரின் இதயம் பெரும்பாலும் வேகமாகவே துடிக்கும். எனவே எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் சுண்டெலியின் துடிப்பையும் பதிவு செய்கிறார்கள். அது நிமிடத்துக்கு 500 முதல் 700 வரை போகும். ஒரு துடிப்பு முடிய ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கே ஆகும் என்பதால், விநாடிக்கு 1000 தடவைக்குக் குறையாமல் பதிவு செய்ய வேண்டும். மயக்க மருந்து துடிப்பைக் குறைத்துவிடும். அதனால் உடலுக்குள் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி, எலி விழித்து நடமாடும்போதே அளக்கிறார்கள்.

இத்தனை தெரிந்த பிறகும் மியான்மாரில் கைக்குழந்தைகளைப் பெரிபெரி கொல்கிறது. தாய்லாந்து எல்லை முகாம்களில் கரேன் அகதிகளின் குழந்தைகளும் அதற்குப் பலியானார்கள். பிள்ளை பெற்ற தாய் பத்தியம் என்று வெள்ளைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டால் தாய்ப்பாலில் தயமின் குறைந்துவிடும். இரண்டு மூன்று மாதக் குழந்தையின் அழுகை கம்மிப்போகும், மூச்சு இரைக்கும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். நேரத்துக்குத் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தேறத் தொடங்கும்.

பத்தியம் நம் வீடுகளிலும் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் பல மருத்துவர்கள் இந்த நோயைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாய் என்ன சாப்பிட்டு வருகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவளின் தட்டில் புழுங்கல் அரிசிச் சோற்றோடு பயறும் உளுந்தும் இருக்கட்டும். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள், அதோடு தயமினும் போய்விடும்.