செம்மண் பாதைக்கு வீட்டில் கட்டும் டிரெய்லர்

ஆஸ்திரேலியாவின் உள்நிலத்தில் தார்ச்சாலை முடிந்த பிறகும் பயணம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியை ஊடறுக்கும் கிப் ரிவர் ரோடு ஏறத்தாழ 660 கிலோமீட்டர். விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை மணல்மேடுகளைத் தாண்டிப் போகும் கேனிங் ஸ்டாக் ரூட் சுமார் 1,850 கிலோமீட்டர். குடிநீர், டீசல், கூடாரம், வாரக்கணக்கான உணவு எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே அடைக்க முடியாததால், உள்நிலத்தில் டிரெய்லர் இழுத்துப் போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தார்ச்சாலைக்காகச் செய்த சாதாரண டிரெய்லர் இந்தப் பாதைகளில் விரைவில் உடைந்துவிடும். அதனால் வெல்டிங் தெரிந்த பலர் தங்களுக்கான டிரெய்லரைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள்.

டிரெய்லரை உடைப்பது பெரும்பாலும் பெரிய பள்ளமோ பாறையோ அல்ல. பள்ளத்தைக் கண்டால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். ஓயாமல் அடித்து உடைப்பவை மண்பாதையின் குறுக்கே வரிவரியாக எழும் சிறு மேடுகள். அவற்றுக்கிடையே பொதுவாக அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இடைவெளி இருக்கும். இடைவெளி முக்கால் மீட்டர் என்றும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றும் கொண்டால், சக்கரம் நொடிக்குப் பதினோரு முறை அடி வாங்குகிறது. டயரின் மேல் துள்ளும் சக்கரத்தின் இயல்பான அதிர்வெண்ணும் ஏறத்தாழ அதுவே என்பதால், அந்த வேகத்தில் குலுக்கல் உச்சத்தில் இருக்கும். 80 கிலோமீட்டரில் அடிகள் நொடிக்கு முப்பதாகி, சக்கரம் மேட்டின் உச்சிகளைத் தொட்டபடி ஓடுவதால் வண்டி அமைதியாவதுபோலத் தெரியும். ஆனால் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு அப்போது குறைந்திருக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முழுதாகக் கைகொடுக்கா. டயர்க் காற்றைக் குறைத்து நடுத்தர வேகத்தில் போவதே டிரெய்லருக்கும் ஆளுக்கும் நல்லது.

கட்டும் வேலை எடைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பிரிங், ஆக்சில், பிரேக் எல்லாம் அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவாகின்றன. ஆஸ்திரேலிய விதிகளின்படி மொத்த எடை 4.5 டன்னைத் தாண்டாத டிரெய்லரைத் தனிநபரே கட்டலாம். அகலம் 2.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோ வரை இருந்தால் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2 டன் வரை ஒரு ஆக்சிலிலாவது பிரேக் வேண்டும். 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கொக்கி கழன்று டிரெய்லர் தனியாகப் பிரிந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். 750 கிலோவுக்குக் கீழே அடங்கப் பார்ப்பது பலரின் ஆசை. தண்ணீர்த் தொட்டியும் டீசல் கேன்களும் ஏறியதும் அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. காகிதத்தில் எழுதிய எடையை நம்பாமல் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே சரி.

சஸ்பென்ஷனில் இரண்டு வழிகள் உண்டு. லாரிக்கு அடியில் காண்பதுபோன்ற பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் ஒரே ஆக்சிலைக் குறுக்கே கட்டுவது எளிய வழி. அதற்குச் செலவு குறைவு. பட்டை உடைந்தாலும் சிறிய ஊர்ப் பட்டறையில் மாற்றிவிடலாம். ஒரு பக்கச் சக்கரம் மேடேறும்போது மறுபக்கமும் சாய்வதும், ஆக்சில் தரையிலிருந்து தாழ்ந்திருப்பதும் இதன் குறைகள். மற்றது, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக ஒரு நீண்ட ட்ரெய்லிங் ஆர்மில் தாங்குவது. ஆர்மின் முன்முனை சேஸிஸில் கீல்போல் திரும்பும். பின்முனையில் ஹப் இருக்கும். நடுவில் காயில் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ உட்காரும். சொந்தமாக வடிவமைப்பவர்களை அதிகம் ஈர்ப்பதும், அதிகம் தவறவைப்பதும் இந்த அமைப்புதான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். சுமையோடு மொத்த எடை 1,000 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கான 100 கிலோ இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்குகிறது. சக்கரம், ஹப் போன்ற ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள பாகங்களுக்கு இன்னொரு 100 கிலோவைக் கழித்தால் மீதி 800. ஒரு பக்கத்துக்கு 400 கிலோ, அதாவது சுமார் 3,900 நியூட்டன். நின்ற நிலையில் சக்கரம் 100 மில்லிமீட்டர் அமுங்கினால், மேலுள்ள உடல் நொடிக்கு 1.6 முறை மென்மையாக அசையும். அதற்குச் சக்கரத்தருகே ஒரு மில்லிமீட்டருக்கு 39 நியூட்டன் விறைப்பு தேவை. ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் இல்லை; கீலிலிருந்து ஆர்ம் நீளத்தின் 0.6 பங்கில் இருக்கிறது. விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் 39-ஐ 0.36-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது மில்லிமீட்டருக்கு 108 நியூட்டன். வர்க்கத்தை மறந்து 0.6-ஆல் மட்டும் வகுத்தால் கிடைக்கும் ஸ்பிரிங் வெறும் 65; சுமை ஏற்றியதும் டிரெய்லர் உட்கார்ந்துவிடும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. ஸ்பிரிங் தாங்குவது 3,900 அல்ல, 6,500 நியூட்டன். ஸ்பிரிங் இருக்கை சேஸிஸை அவ்வளவு விசையோடு மேலே தள்ள, கீல் அதே சேஸிஸை 2,600 நியூட்டனில் கீழே இழுக்கிறது. சற்றே தள்ளியிருக்கும் இரண்டு இடங்களில் எதிரெதிர் விசைகள். இது வண்டி நிற்கும்போது. ஓட்டத்தில் இவை பல மடங்காகும். நல்ல ஸ்பிரிங்கையும் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரையும் வாங்கிப் பொருத்தியவர்களின் டிரெய்லர்களும் இந்தக் கீல் தாங்கியிலோ ஸ்பிரிங் இருக்கையிலோ விரிசல் விடுவதற்குக் காரணம் இதுவே. இரண்டு இடங்களையும் தடித்த குறுக்குச் சட்டங்களால் பிணைத்துவிட வேண்டும்.

காலியாகப் போகும்போது அதே ஸ்பிரிங் விறைப்பாகத் தோன்றும். ஒரு சக்கரத்தின் மேல் 130 கிலோ மட்டும் இருந்தால் அமுக்கம் 33 மில்லிமீட்டர். அசைவு நொடிக்கு 2.8 ஆகி, பொருள்கள் துள்ளும். சுமைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் காற்றுப் பைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஆனால் கூரிய கல் ஒன்று பையைக் கிழித்துவிட்டால் வெட்டவெளியில் மாற்றுவது கடினம். நீண்ட தனிமைப் பயணத்துக்குக் காயில் ஸ்பிரிங்கே நம்பகமானது. எதுவானாலும் மேலே முட்டும் எல்லையில் ரப்பர்த் தடுப்பும், கீழே தொங்கும் எல்லையில் பட்டையோ சங்கிலியோ வேண்டும். ஷாக் அப்சார்பரையே அந்த எல்லையாக்கினால் அதன் முனைகள் பிய்ந்துவிடும்.

வரிமேடுகளின் ஆற்றலை வெப்பமாக்கித் தீர்ப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. மணிக்கணக்கில் இடைவிடாமல் அசைந்தால் எண்ணெய் சூடாகி நுரைத்து, அடக்கும் திறன் குறையும். அதனால்தான் சக்கரத்துக்கு இரண்டு பொருத்துகிறார்கள். இடையிடையே நிறுத்தி ஆறவிடுவது அதைவிடச் சிக்கனமான வழி.

சக்கரங்கள் நேராக நிற்பதிலும் கவனம் வேண்டும். கீலின் அச்சு பயணத் திசைக்குச் சரியாகக் குறுக்கே இருந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போது சாய்வோ திருப்பமோ மாறாது. ஆனால் ஆர்ம் மெலிதாக இருந்தாலோ கீலுக்குள் இருக்கும் புஷ் மென்மையாக இருந்தாலோ சுமையில் சக்கரம் உள்பக்கம் சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். கொக்கியின் மையத்திலிருந்து இரு ஹப்புகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து சமமாக்கிய பிறகே கீல் தாங்கிகளை முழுதாகப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் சூடு தாங்கியை இழுத்து விலக்கும் என்பதால் திருகிச் சரிசெய்யும் போல்ட் அமைப்பு இருந்தால் நல்லது.

சேஸிஸுக்கு 100-க்கு 50 மில்லிமீட்டர் செவ்வகக் குழாய் பொதுவான தேர்வு. இழுசட்டம் முன் குறுக்குச் சட்டத்தைச் சந்திக்குமிடம் மிகுந்த வளைவு விசையைத் தாங்குகிறது. அங்கே குழாயின் மேல், கீழ் முகங்களைக் குறுக்காகப் பற்றவைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் தொடங்கும். பக்கவாட்டில் வெல்டிங் செய்து, முனை குறுகும் தகடுகளால் வலுப்படுத்த வேண்டும். துத்தநாகக் குளியல் கொடுப்பதானால் எல்லா வெல்டிங்கும் முன்னரே முடிய வேண்டும். பூச்சுக்குப் பிறகு பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலைத் தரும். மூடிய குழாய்களில் காற்றுத் துளை இட்டாக வேண்டும். இல்லாவிட்டால் 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கும்.

மேடுபள்ளங்களில் முன்வண்டியும் டிரெய்லரும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிக்கொள்வதால் வழக்கமான 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கி போதாது. மூன்று அச்சுகளிலும் திரும்பும் கொக்கி வேண்டும். டிரெய்லரின் சக்கரங்கள் முன்வண்டியின் சக்கரங்களே ஆனால் உதிரிச் சக்கரம் பொதுவாகும். டொயோட்டா ஹைலக்ஸ் இழுப்பதானால் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட் கொண்ட ஹப் வேண்டும். சக்கர இடைவெளியும் ஒன்றாக இருந்தால், முன்வண்டி போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். மணலில் இழுவை கணிசமாகக் குறையும்.

டிரெய்லரின் முன்முகத்தில் பட்டுத் தெறிக்கும் கற்கள் இழுக்கும் வண்டியின் பின்கண்ணாடியை உடைப்பது இந்தப் பாதைகளில் அடிக்கடி நடக்கிறது. இழுசட்டத்தின் மேல் சரிவாகக் கட்டிய வலையோ தடித்த துணியோ கற்களைக் கீழே இறக்கிவிடும். ஓடைகளைக் கடக்கும்போது சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்து, சீலின் வழியே நீரை உள்ளே இழுக்கும். எனவே இறங்குமுன் சில நிமிடம் ஆறவிடுகிறார்கள். கிரீஸ் தடவிய உதிரி பேரிங் செட் ஒன்றையும் கொண்டுபோகிறார்கள்.

முழுச் சுமையோடு அருகிலுள்ள மண்பாதையில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது கடைசிச் சோதனை. திரும்பியதும் சக்கர நட்டுகளையும் கீல் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கி, ஹப்புகளின் சூட்டை இருபக்கமும் ஒப்பிட்டு, வெல்டிங்கின் ஓரங்களில் பெயிண்டில் மயிரிழைக் கோடோ துருக்கசிவோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேனிங் பாதைக்கு மட்டும், எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் டிரெய்லரே வேண்டாம் என்பதுதான் அங்கே போய்வந்தவர்களின் பொதுவான அறிவுரை.