இரண்டு வலையமைப்பு அட்டைகள் கொண்ட சேவையகம்

மாணவர்களே! ஆளி, வழிப்படுத்தி, தீச்சுவர் ஆகியவற்றை வெவ்வேறு சாதனங்களாகப் படித்திருப்பீர்கள். ஆனால் சாதாரண கணினி ஒன்றே வழிப்படுத்தியாக மாறக்கூடும். அது எப்போது நிகழும், அதை எவ்வாறு தடுப்பது என்பதை நோக்குவோம்.

பாடசாலைச் சேவையகம் ஒன்றில் இரண்டு வலையமைப்பு அட்டைகள் உள்ளன எனக் கொள்க. முதலாவது அட்டை (192.168.1.10) அலுவலகக் கணினிகளுடனும், இரண்டாவது அட்டை (192.168.2.10) மாணவர் ஆய்வுகூடத்துடனும் இணைக்கப்பட்டுள்ளது. அலுவலகம் புள்ளிகளைப் பதிகிறது. மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களை எடுக்கின்றனர். இரு சாராருக்கும் சேவையகம் வேண்டும். ஆயினும் ஆய்வுகூடத்திலிருந்து அதிபரின் கணினிக்கு எவரும் செல்லக்கூடாது.

கொக்குவிலில் ஒரு வளவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்படலை காங்கேசன்துறை வீதியில், பின்படலை ஒழுங்கையில். எந்தப் படலையாலும் வீட்டுக்கு ஆட்கள் வரலாம். ஆனால் ஒழுங்கையால் வருபவர் வளவுக்குள்ளால் நடந்து வீதிக்கு ஏற வீட்டுக்காரர் விட்டால், வளவு பாதையாகிவிடும். படலை இரண்டு இருப்பதனால் மட்டும் அது பாதையாவதில்லை.

சேவையகமும் இப்படித்தான். வரும் பொதியின் சேருமிட முகவரி தன்னுடையதாயின் ஏற்றுக்கொள்ளும். வேறொரு வலையமைப்புக்குரியதாயின், முன்னனுப்பும் வசதி செயலில் இருந்தால் மற்ற அட்டையால் வெளியே அனுப்பும். இல்லையேல் பொதியைக் கைவிடும். இவ்வசதி இயல்பாக நிறுத்தப்பட்டே இருக்கவேண்டும் என 1989 ஒக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1122 என்ற இணைய ஆவணம் விதித்தது. லினக்ஸில் ஐபி ஃபோர்வேர்ட் என்ற பெறுமானம் 0 எனில் நிறுத்தம், 1 எனில் செயல். விண்டோஸிலும் இதற்கு ஒத்த அமைப்பு உண்டு.

அப்படியானால் சிக்கல் எங்கே? இணைய இணைப்பைப் பகிரும்போதோ, டொக்கர் போன்ற மென்பொருளை நிறுவும்போதோ 0 என்பது 1 ஆகிவிடலாம். நிறுவியவர் கவனிக்கமாட்டார். ஆகவே புது மென்பொருள் நிறுவிய பின் பெறுமானத்தைப் பார்ப்பது நல்லது. இரு அட்டைகளையும் "பாலம்" அமைத்து இணைத்தாலோ, பெறுமானம் 0 ஆக இருந்தும் பயனில்லை. இரண்டு வலையமைப்பும் ஒன்றாகிவிடும்.

பிரித்துவைக்காததன் விலை சிறியதல்ல. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டொலர் களவாகப் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. இலங்கை அமைப்பொன்றுக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர், அதன் பெயரிலிருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் எழுந்து தடுக்கப்பட்டது. (பரீட்சையில் எழுத்துப்பிழை புள்ளியைக் குறைக்கும், அங்கே பணத்தைக் காத்தது!) அங்கு இருந்தது இரண்டு அட்டைச் சிக்கல் அல்ல. ஆனால் பணப் பரிமாற்றக் கணினிகள் ஏனையவற்றிலிருந்து சரிவரப் பிரிக்கப்படவில்லை, தீச்சுவரும் இல்லை என விசாரணையாளர் ஒருவர் தெரிவித்தார்.

இன்னொரு நுட்பம். முன்னனுப்பல் நிறுத்தப்பட்டிருந்தாலும், லினக்ஸ் சேவையகம் ஆய்வுகூடத்திலிருந்து 192.168.1.10 க்கு வரும் பொதியை ஏற்கும்; அதுவும் அதன் சொந்த முகவரிதானே! எனவே பொதி எந்த அட்டையால் வந்தது என்பதைப் பார்த்துத் தடுக்கும் தீச்சுவர் விதியும் தேவை. சேவையகத்தினுள்ளேயே நுழைவு அனுமதி பெற்ற ஒருவரை இவை தடுக்கமாட்டா. அவர் அனுப்பும் பொதி அங்கிருந்தே புதிதாகப் புறப்படுகிறது. அங்கே கடவுச்சொல்லே காவல்.

சோதிக்கும்போது ஆய்வுகூடக் கணினியின் வாயில் முகவரியாக 192.168.2.10 ஐ இட்டபின், அலுவலகக் கணினி ஒன்றுக்குப் பிங் செய்க. பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. பதில் வராவிட்டால் மூடியிருக்கிறது என உடனே முடிவுசெய்யாதீர்கள். பொதி சென்றடைந்தும், திரும்பும் வழி அலுவலகக் கணினிக்குத் தெரியாதிருக்கலாம். சேவையகத்தின் பெறுமானத்தையும் பார்த்தே விடை கூறுக.